எடுத்து வைத்த கட்டு

பெருநாளுக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. செங்கல்பட்டு வங்கிக் கிளையின் கேஷியர் ஜாக்குலின், புதுப் பத்து ரூபாய்க் கட்டு ஒன்றை இழுப்பறையில் தனியாக எடுத்து வைத்திருந்தாள். பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க வருடா வருடம் புது நோட்டு வாங்க வரும் ஜெயினுலாபுதீன் பாய்க்காக.

அவர் வந்ததும் நீட்டினாள்.

"பாய், இதுல 786ல முடியற நோட்டு ஒண்ணு இருக்கு. பத்துக் கட்டு தேடினாத்தான் ஒண்ணு கெடைக்கும். நம்பர் நோட்டு சேக்கிற எங்க மேனேஜரே கேட்டாரு, குடுக்கலியே!"

"போன வருசமும் நீதானேம்மா தேடிக் குடுத்த?"

"நானேதான்!" அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பாய் கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மெதுவாக அவள் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"இன்னா பாய், வேணாமா?"

"போன வருச நோட்டு பெரிய பொண்ணோட புள்ளைக்குப் போச்சும்மா. எம்புள்ளைக்கு ஏன் இல்லன்னு கோச்சிகினு போன சின்னவ, அதுக்கப்புறம் எங்க வூட்டு வாசப்படிய மிதிக்கல. நேத்துதான் போன் பண்ணா, பெருநாளுக்கு வராளாம்." பாயின் குரல் இறங்கியது. "786 இல்லாத கட்டா பாத்துக் குடும்மா."