அறுபதில் ஒரு நடுக்கம்

“பொண்ணை அப்புறம் பார்க்கலாம். முதல்ல வண்டியைப் பாருங்க” என்றார் பெண்ணின் அப்பா.

கல்யாணத் தரகர் அழைத்து வந்த மாப்பிள்ளை, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். ஷெட்டில் நின்ற கார் மகளைவிட மூத்தது; செல்லத்தில் மட்டும் கடைக்குட்டி.

ஒரு மாதமாக அதற்கு நடுக்கம். வேகம் அறுபதைத் தொட்டதும் குளிர்ஜுரம் கண்டதுபோல உதறும். ஒரு மெக்கானிக் டயர் என்றார், இன்னொருவர் எஞ்சின் என்றார். விற்றுவிடச் சொன்ன மூன்றாமவருக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

உதறலை நிறுத்துகிறவனுக்குத்தான் பெண் என்று அப்பா சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகள் சட்டை நிறைய கிரீஸோடு திரும்பிப் போயிருந்தார்கள்.

“ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம் சார்” என்றான் இவன். கைப்பிடியை மேலே தூக்கி, முழங்காலால் ஒரு தட்டு தட்டிக் கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறினான். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தார். தரகர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். பெண்ணின் அம்மா வீட்டு ஜன்னலோரம் நின்று பார்த்தாள்.

அறுபது. ஆரம்பித்தது உதறல்.

“ஸ்டியரிங் ஆடுதா சார்?”

“இல்லப்பா, சீட்டுதான் ஆடுது.”

“அப்போ முன் சக்கரம் இல்ல. நியூட்ரல்ல போட்டு ஓட விடுங்க.”

எஞ்சின் சத்தம் அடங்கியது. உதறல் அடங்கவில்லை.

“எனக்கும் அடங்கல” என்றார் தரகர்.

“எஞ்சினும் இல்ல. பின்சக்கரத்தைச் சுத்தவைக்கிற ஷாஃப்ட்டுதான் சார்.”

வீடு திரும்பியதும் காருக்கடியில் புகுந்தான். உள்ளிருந்து குரல் வந்தது: “யாரோ போல்ட்டைக் கழட்டி, ஷாஃப்ட்டைத் திருப்பி மாட்டியிருக்காங்க. ரெண்டு பக்கமும் இருக்கிற அடையாளக் குறி நேருக்கு நேர் சேரல.”

“சான்ஸே இல்ல! இந்தச் சாவி வீட்டு ஆளுங்க கையை விட்டுப் போனதே கிடையாது.”

குறியோடு குறி சேர்த்து மாட்டினான். மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். எண்பதிலும் வண்டி எண்ணெயில் வழுக்குவதுபோல் போனது. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இனிமே சார் வேண்டாம், மாமான்னு கூப்பிடுங்க. கல்யாணத்தை எப்ப வெச்சுக்கலாம்?” சோப்பு வாங்கக்கூட நாலு கடை ஏறி இறங்கும் மனிதர், பேரமே பேசாமல் கேட்டார்.

மகள் டீ கொண்டுவந்தாள். இருவரும் ஒருவரையொருவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“என்ன அடக்கம்!” என்று பூரித்தார் அப்பா.

வந்தவர்கள் கிளம்பிப் போனதும், அம்மா மகளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“நம்ம கார்க் கதவு முழங்கால்ல தட்டினாத்தான் திறக்கும்னு மாப்பிள்ளைக்கு யாருடி சொன்னது?”