வெளியூர்ச் சேவல்

இலஞ்சியில் கோமதிநாயகம் தன் வீட்டுக் கொல்லையில், அருகிவரும் கிளிமூக்குக் கோழிகளை வளர்த்துவந்தார். கலப்பு வந்துவிடக் கூடாதென்று எட்டு வருடமாக வெளிச் சேவல் எதையும் உள்ளே விட்டதில்லை.

இந்த முறை பொரித்த குஞ்சுகளில் பாதிக்குக் கால் கோணலாக இருந்தது. கால்நடை மருத்துவர் குஞ்சைத் தூக்கிப் பார்த்தார்.

“சேவலும் கோழியும் ஒரே தாய் வழியா?”

“ஆமா. சுத்தமான வழில்லா?”

“அதான் கோளாறு. இதே இனத்துல சொந்தமில்லாத சேவலாப் பாத்துக் கொண்டாங்க.”

மறுநாளே செங்கோட்டைக்குப் போய் ஒரு சேவலை வாங்கிவந்தார். அடுத்துப் பொரித்த குஞ்சுகள் எல்லாம் நேராக ஓடின. “நம்ம டாக்டர் சொன்னா சொன்னதுதான்!” என்று தெருவெல்லாம் பெருமை பேசினார்.

அந்தச் சமயத்தில் ஆய்க்குடியிலிருந்து தங்கை வந்து, தன் மகனுக்குப் பெண் கேட்டாள்.

“இதுக்குக் கேக்கணுமா தாயி? சொந்தம் விட்டுப் போகலாமா? ஏட்டி வள்ளி, அத்தைக்குக் காப்பி கொண்டா!”

காப்பியோடு வந்த மகள் வள்ளி நிதானமாகச் சொன்னாள்.

“சொந்தத்துல வேண்டாம்ப்பா. வெளிய பாருங்க.”

“அப்படின்னு ஆரு சொன்னா?”

“உங்க கோழிக்குச் சொன்ன அதே டாக்டர்தான்.”

காப்பித் தட்டோடு எதிரே நின்ற அந்த டாக்டரை ஐந்தரை வருடம் படிக்கவைத்தவரே கோமதிநாயகம்தான்.