திரும்பி வந்த பாக்கு

வக்கீல் லசனாவின் மேஜை மேல் அசலா இரண்டு பாக்குகளை வைத்தாள்.

“புருஷன்கிட்ட பாக்கை வச்சுட்டா உறவு முடிஞ்சதுன்னு நம்ம நேவார் ஜனங்க வழக்கம். நானும் வச்சேன், மேடம். அவர் அதை என் தலையணைக்கு அடியில திருப்பி வச்சுட்டார். தூக்கிப் போட்டா மறுநாளும் வைக்கிறார்.”

“வேற யாரையாவது விரும்புறியா?”

“ரோஜின்னு ஒருத்தர். அடுத்த மாசம் கல்யாணம்ங்கறார்.”

“அதான் உன் வீட்டுக்காரருக்குப் பொறுக்கல. பாக்கெல்லாம் கோர்ட்டுல செல்லாதும்மா. விவாகரத்து மனு போடுவோம். அவரை ஒரு தடவை இங்க வரச் சொல்லு.”

“கூப்பிடப் பயமா இருக்கு, மேடம்.”

லசனா ஒரு பாக்கை எடுத்தாள். விரலில் கரி ஒட்டியது.

“இது ஏன் இப்படிக் கருகியிருக்கு?”

“நான் அவர் நெஞ்சு மேல வச்ச பிறகுதான் சிதைக்குத் தீ மூட்டினாங்க.”