விடுபட்ட கிணறு

புதுச்சத்திரம் வட்டாரத்துக் கிணறுகளின் பட்டியலிலிருந்து சண்முகப்பிரியா ஒரே ஒரு வரியை அழித்தாள். அவள் புகுந்த வீட்டுக் கிணறு அது.

பின்னால் நின்று லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்த கணவன் சந்தோஷ்குமாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "நல்ல காரியம் பண்ணுன புள்ள. நம்ம கோழிப்பண்ணை பேரு கெட்டுப்போயிருமோன்னு பயந்துட்டே இருந்தேன்."

திருச்செங்கோட்டில் ஒரு கல்லூரியில் நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் அவள். திறந்த அறிவியல் பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பிக்க அன்று மாலைதான் கடைசி. சேகரித்த விவரம் எதையும் மறைக்காமல், ஊர்க்காரர்களும் படித்துப் புரிந்துகொள்கிற தமிழில் எல்லோருக்கும் பொதுவாக வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை.

சோதித்த கிணறுகளிலேயே அவர்கள் கிணற்றில்தான் நைட்ரேட் உப்பு அதிகம். பக்கத்தில் குவித்திருந்த கோழி எரு மழைக்கு மழை ஊறி உள்ளே இறங்கியிருந்தது. தெரிந்த அன்றே எருவை அள்ள வைத்தாள். குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் குழாயில் வரும் காவிரித் தண்ணீர்தான் என்று மாற்றினாள். மாமியார் செல்லாயி காரணம் கேட்டபோது, "உப்பு சாஸ்திங்கத்தை" என்று மட்டும் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணு புரியல," என்றான் சந்தோஷ்குமார். "பொறந்ததுல இருந்து நான் குடிச்ச தண்ணி. என்னைய என்ன பண்ணிப்போட்டுது?"

"பெரியவங்கள ஒண்ணும் பண்ணாதுங்க."

போன சித்திரையில் அவர்களுடைய மூன்று மாதக் குழந்தை இறந்ததிலிருந்தே அந்த வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போன பிரியா திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம் நின்றிருந்தது. பிறவியிலேயே இதயக் கோளாறு இருந்திருக்கும் என்று ஊர் சொன்னது.

செல்லாயி காபி டம்ளரை மேசையில் வைத்தாள். "அனுப்பிப்போட்டியா சாமி?"

"இன்னும் இல்லைங்கத்தை."

"நம்ம கெணத்தையும் சேத்திருக்கறயா?"

சந்தோஷ்குமார் குறுக்கே வந்தான். "அது எதுக்கும்மா? வெளிய தெரிஞ்சா பண்ணைப் பக்கம் ஒருத்தன் வரமாட்டான்."

செல்லாயி மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சேத்து அனுப்பு சாமி. படிச்சதெல்லாம் அப்பறம் எதுக்கு?"

பிரியா அழித்த வரியைத் திரும்பக் கொண்டுவரப் போனாள், மனம் வரவில்லை. சட்டென்று லேப்டாப்பை மூடினாள். "நான் விண்ணப்பமே போடலைங்க. இந்தப் பயிற்சியே வேண்டாம்."

"ஏம்புள்ள, அந்த ஒண்ண உட்டுப்போட்டு மத்ததை அனுப்பேன்?"

"போட்டா முழுசாப் போடோணும். அரைகுறையாப் போட்டா அது பொய்யிங்க."

சந்தோஷ்குமார் திகைத்துப்போனான். இதற்காக அவள் வெயிலில் தோட்டம் தோட்டமாக அலைந்ததைப் பார்த்தவன் அவன். "பண்ணைக்காகவா உன்ற படிப்பையே உடற?"

பிரியா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பண்ணைக்காக இல்லடா. எனக்காக," என்றாள் செல்லாயி. மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்து, மூடிய லேப்டாப்பைத் தானே திறந்து வைத்தாள்.

"நீ எருவ அள்ள வெச்சு அந்தத் தண்ணிய நிறுத்துன அன்னைக்கே நர்ஸம்மாகிட்டப் போயி ஏன்னு கேட்டுப்போட்டேன். நீ சொல்லவே மாட்டேன்னு எனக்குத் தெரியும். ஆனா கைக்கொழந்தை இருக்கற ஊடு இந்தப் பக்கம் எத்தனையோ இருக்குது சாமி."

"அத்தை, வேண்டாமுங்க…"

"நம்ம பாப்பாவக் கொன்னது, நான் பால் பவுடர் கலக்குன அந்தத் தண்ணிதான்."