படத்தின் கீழ்ப்பகுதி

கிணற்றை ஒட்டி வெள்ளையாக ஏதோ இழுபட்டிருந்தது.

முன்வாசல் படியில் உட்கார்ந்தபடி, செல்போன் திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

வேட்டி. அப்பாவின் வேட்டி.



அதே படத்தின் மேல்பக்கம், ஓரியன் விண்மீன் கூட்டத்தைச் சுற்றிய நெபுலா மேகங்கள் ரோஜா நிறத்தில் அவ்வளவு அழகாக விழுந்திருந்தன. மார்கழி பிறந்ததிலிருந்து அவள் தவம் கிடந்த படம். இப்போது யாருக்கு வேண்டும் அது.

அகல லென்ஸில் இதுதான் தொல்லை. வானத்தை முழுசாகக் கேட்டால் புறவாசலையும் சேர்த்துக் கொடுக்கும். கேமராவைத் தாங்கும் கருவி நட்சத்திரங்களோடு மெல்லத் திரும்புவதால், வானம் ஊசிமுனையாக நிற்கும், தரை தீற்றலாகிவிடும். அந்தத் தரையை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பிறகு வெட்டி எறியப்போகிற பகுதிதானே.

பக்கத்தில் நடமாடினால் கேமரா நிற்கும் முக்காலி அதிரும். அதனால் கேமராவைப் புறவாசலில் தன்பாட்டுக்கு எடுக்கவிட்டு, முன்பக்கம் வந்துவிட்டாள். படங்கள் ஒவ்வொன்றாகச் செல்போனுக்கு வந்துகொண்டிருந்தன. வீட்டில் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. அவள் படம் எடுக்கும்போது யாரும் விளக்குப் போடக் கூடாது. எப்போதோ அவள் போட்ட சட்டம்.

புறவாசல் கதவை அவள் தாழிடவில்லை.

காலையில் அவளைப் பார்த்து, ஊசி போட வந்த நர்ஸா என்று கேட்ட மனிதர். அவரை இருட்டில் விட்டுவிட்டு நட்சத்திரம் பார்க்க உட்கார்ந்திருக்கிறாள். புத்தி கெட்டவள்.

முந்தைய படங்களைத் தள்ளினாள். ஒன்றில் கதவருகே வெள்ளைத் தீற்றல். அடுத்ததில் துணிக்கொடியருகே. அப்புறம் கிணற்றருகே.

இதோ, புதிதாக ஒன்று வந்து விழுந்தது.

அதில் கிணறு மட்டும் இருந்தது.

கிணற்றுச் சுவர் முழங்கால் உயரந்தான். கம்பி வலை போடுகிறவன் நாளைக்கு, நாளைக்கு என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பா!"



வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். துணிக்கொடி கழுத்தில் அறுத்தது. செல்போன் டார்ச்சைப் போட்டாள். வெளிச்சம் வந்ததும், கிணற்றுக்குள் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு பார்த்தாள்.

தண்ணீர் அசையாமல் கிடந்தது. அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் செருப்பு உரசியது.

தரையில், சுவரில் சாய்ந்து, காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விழுந்திருக்கிறார். முழங்காலில் வழிந்த ரத்தம் வேட்டியில் இறங்கியிருந்தது. அவ்வளவுக்கும் ஒரு குரல் கொடுக்கவில்லை மனிதர்.

வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது யாரோ ஒருத்தியின் முகம்.

"அத அமத்துங்கம்மா," என்றார் ரகசியமாக. "எம்மவ படம் எடுத்துக்கிட்டிருக்கா."

அவள் அமர்த்தினாள்.

பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய வேட்டி முனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

கேமரா அடுத்த படத்துக்குத் திறந்துகொள்ளும் சத்தம் கேட்டது.

அது மூடுகிறவரை அவர் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டார்.