பின்லாந்து போன மருமகள்

"உங்க அண்ணனை நேத்து அல்வால் முதியோர் இல்லத்துல பார்த்தேன்" என்றார் பக்கத்துத் தெரு உமாசங்கர்.

பால் பூத்தில் நின்றிருந்த லட்சுமணன் சட்டென்று திரும்பினார்.

உமாசங்கர் தன் அப்பாவின் திதிக்காக அங்கே மதியச் சாப்பாடு போடப் போயிருந்தார். வரிசையில் இடது கையில் தட்டை ஏந்தி நாராயணஸ்வாமி உட்கார்ந்திருந்தாராம். இவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

"மருமக எங்கேயாம்?"

"தெரியாதா? பின்லாந்து போயிருக்குது."

மருமகள் மங்கையர்க்கரசி திருமுல்கேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். டீச்சர்களை வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கே ஒரு டீச்சர் வீட்டிலேயே தங்கவைத்து, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தையும் மனிதர்களையும் பழகிப் பார்த்துவிட்டு வரச் சொல்கிற திட்டமாம். போய் வந்தால் பாடமும் நன்றாக எடுப்பார்களாம், ஆளும் வளர்வார்களாம். அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் வேறு.

லட்சுமணனுக்கு விளங்கியது ஒன்றுதான். பக்கவாதம் வந்த மாமனாரை அநாதை மாதிரி தள்ளிவிட்டு மருமகள் ஊர் சுற்றப் போய்விட்டாள். மகன் சுதர்சனோ ஆன்சைட் என்று அமெரிக்கா போய் இரண்டு வருஷமாகிறது.

மத்தியானத்துக்குள் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் தமிழ் பேசுகிற வீடுகளுக்கெல்லாம் செய்தி போய்விட்டது. லட்சுமணனே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"வளர்றதுக்குப் போயிருக்காளாம். ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் எவ்வளவு வளரணுமாம்?" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

மனைவி அபயாம்பாள் சிரிக்கவில்லை. "பேசாம நாம போய்க் கூட்டிட்டு வந்துடலாமே. மாடி ரூம் சும்மாதானே கிடக்கு."

"நக்கோ, வேணாம். அவங்க பண்ற பாவத்தை நான் ஏன் சுமக்கணும்? பத்திரிகையைத் தபால்ல அனுப்பினவங்கதானே?"

சுதர்சன் கல்யாணத்துக்கு அண்ணன் நேரில் வந்து பத்திரிகை வைக்கவில்லை. தபாலில்தான் வந்தது. லட்சுமணன் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவும் இல்லை. அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தபோது ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. ஊரில் சும்மா திரிந்தவரைக் கூட்டிவந்து பாலாநகர் ஃபாக்டரியில் சேர்த்துவிட்டது அதே அண்ணன்தான் என்று அபயாம்பாள் ஞாபகப்படுத்தினால், சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார்.

இப்போது மட்டும் போனார். மருமகளின் லட்சணத்தை அண்ணன் வாயாலேயே கேட்க வேண்டும் போலிருந்தது.

நாராயணஸ்வாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் மாறி மாட்டியிருந்தன. தம்பியைப் பார்த்ததும் இடது கையால் கட்டிலைத் தட்டி, "உட்காருடா" என்றார், நேற்றுப் பார்த்துப் பிரிந்தவர் மாதிரி.

லட்சுமணன் உட்காரவில்லை. படித்த பெண், டீச்சர் என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினீர்களே, இப்போது யார் வீட்டுத் திதிச் சோற்றுக்கோ தட்டை ஏந்த விட்டுவிட்டாளே என்று நின்றபடியே கொட்டித் தீர்த்தார்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம், "அவளுக்குத் தெரியாதுடா" என்றார்.

"எது?"

"நான் இங்க இருக்கிறது."

லட்சுமணன் உட்கார்ந்தார்.

நாராயணஸ்வாமிக்கு வாய் கோணியிருந்ததால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நேரம் பிடித்தது. இதற்கு முன்னாலும் பள்ளிக்கூடத்தில் இந்தத் திட்டத்துக்கு மங்கையின் பெயர் வந்திருக்கிறது. மாமாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் வேறு டீச்சருக்கு விட்டுக்கொடுத்துவிட்டாளாம். சோறு பிசைந்து வைப்பது, நனைந்த துணியை அலசிப் போடுவது எல்லாம் அவள்தான். துருவம், பனி என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் திருப்பதியைத் தாண்டி எங்கேயும் போனதில்லையாம்.

"இந்தத் தடவையும் வேணாம்னு சொல்லத்தான் போனா. அதனால நான் ஒரு பொய் சொன்னேன்."

"என்ன பொய்?"

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"நீ வந்ததா சொன்னேன். அவ ஸ்கூலுக்குப் போயிருந்தப்ப நீ வந்து, மூணு வாரம் நம்ம வீட்ல வந்து இருங்கண்ணேன்னு கூப்பிட்டதா. கேட்டதும் அழுதுட்டா. சித்தப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்னா. நான்தான் தடுத்தேன். அவன் ரோஷக்காரன், நீ பேசப் போய் மனசு மாறிடப் போறான்னேன். அவ ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினதும் ஆட்டோ பிடிச்சு இங்க வந்துட்டேன்."

அண்ணன் தொடர்ந்தார்.

"தினமும் போன் பண்றா. பனியைக் கையில அள்ளினாளாம். தம்பி வீட்ல சௌக்கியமா இருக்கேன்னு சொல்றேன். நம்பிக்கிட்டிருக்கா, பாவம்."

பிறகு குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணிக்கடைப் பையைச் சிரமப்பட்டு இழுத்தார். உள்ளே கரை வேட்டியும் துண்டும் இருந்தன. மேலே வைத்திருந்த வெற்றிலை காய்ந்து சுருண்டிருந்தது.

"நீ என்னை வச்சுப் பாத்துக்கறியேன்னு உனக்கு எடுத்தது. இதையாவது சித்தப்பாவுக்கு நேர்ல வச்சுக் குடுங்க மாமான்னு சொல்லிட்டுப் போனா."