பிடுங்கிய நீல ஒயர்

மருத்துவமனை மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் சிறிய அறையில், தங்கை சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு ரூட்டர். கதவிடுக்கில் நுழையும் காலை வெயில் அவள் விரல்களின் மேல் கோடு போடுகிறது. இதுவரை ஒரு இணைய லைன் அறுந்தால், யாராவது ஓடிவந்து கையால் இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். இனி இந்தப் பெட்டியே மற்ற பெட்டிகளிடம் விசாரித்து, திறந்திருக்கும் வழியில் போய்க்கொள்ளும். மூன்று நாளாக அதைத்தான் அவள் பழக்கியிருக்கிறாள். மேலே டாக்டர் வெளியூர் நிபுணருடன் வீடியோவில் பேசுகிறார். பேச்சு நடக்கும்போதே சோதித்துக் காட்டினால்தான் நம்புவாராம்.

"இப்போ ஓடற லைன் இதுதான். நீல ஒயரைப் பிடுங்குக்கா."

தலைமை நர்ஸான அக்காவின் கை பாதியில் நிற்கிறது. "நின்னுபோச்சுன்னா என் மானம் கப்பலேறிடும்டி. உன்னைக் கூட்டிட்டு வந்தது நான்."

"தைரியமா பிடுங்கு."

டிக்கென்று ஒரு சத்தம். பச்சை விளக்கு அணைகிறது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். தங்கை மடியிலிருக்கும் லேப்டாப் திரையைப் பார்க்கிறாள்; பழைய வழியைக் காட்டும் வரி மறைகிறது, அதே இடத்தில் வேறொரு வரி வந்து உட்காருகிறது. மேலே பேச்சுக் குரல் ஒரு சொல்கூடத் தடைபடாமல் ஓடுகிறது. சற்றுப் பொறுத்து, டாக்டர் படியிலிருந்து எட்டிப் பார்க்கிறார்.

"என்னம்மா, எவ்வளவு நேரம் காத்திருக்கறது? எப்போ பிடுங்கப் போறீங்க?"

அக்கா குனிந்து வெளியே வந்து, ஒயரின் நுனியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறாள். வரிசையில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி அவள் குரல் எழும்புகிறது.

"பிடுங்கி அஞ்சு நிமிஷம் ஆச்சு சார்! வேலை பார்த்தது என் கூடப் பிறந்தவ!"